கள்ளிப் பழத்துக்குக் காத்திருந்த ஆமை

முதலில் ஏமாற்றியது கருப்பணன் என்ற கட்டெறும்புதான். செம்மணல் மேடான தேரிக்காட்டில் வாழும் ஆமை அதை இன்றுவரை மறக்கவில்லை.

அந்தக் காட்டில் ஒரே ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதர். கோடையில் அதன் உச்சியில் சிவப்புப் பழங்கள் பழுக்கும். ஆமைக்கு ஏறத் தெரியாது. தானாக விழுந்தால்தான் உண்டு. ஒரு வருடம் ஒன்று விழுந்தது. அந்தச் சாறு தொண்டையில் இறங்கிய குளிர்ச்சியை நினைத்தே ஆமை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

கருப்பணன் வந்தது. "பெரியப்பா, எங்கள் மாடுகளை மேய்க்க ஒரு மடல் போதும். முதல் பழத்தின் காம்பை நாங்களே கடித்துக் கீழே தள்ளுகிறோம்."

"கள்ளியில் என்ன மாடு?"

"மாவுப்பூச்சி. அது விடும் இனிப்பு நீர்தான் எங்களுக்குப் பால். ஆனால் இந்தப் புதரில் பூச்சி தின்று வாழும் பொறிவண்டு இருந்தால் ஒரு மாடும் மிஞ்சாது. நீங்கள் சொன்னால் போய்விடுவாள்."

பழ ஆசையில் ஆமை அவளைப் போகச் சொல்லிவிட்டது. பொறிவண்டு பறந்து போனது.

ஒரு மடல் பத்து மடலாயிற்று. புதர் முழுக்கப் பஞ்சு ஒட்டியதுபோல் வெளுத்தது. மடல்கள் சுருங்கின. மொட்டெல்லாம் உதிர்ந்தது.

"என் பழம் எங்கே?"

"மாடு மேய்ந்தது போக மிஞ்சினால் தருகிறோம், பெரியப்பா."

ஆமை மூன்று நாள் நடந்து, எருக்கஞ்செடியில் இருந்த பொறிவண்டைக் கண்டது. "தப்பு என்னுடையது, தாயி. புதர் சாகிறது."

"பூச்சியை நான் தின்றுவிடுவேன், மாமா. எறும்புகள் கடித்து விரட்டுமே. அவர்களைத் தடுப்பீர்களா?"

"எனக்கு ஓடத்தான் வராது. உட்கார வரும்."

உச்சி வெயிலில் எறும்புகள் எல்லாம் கள்ளியின் அடியில் இருந்த புற்றுக்குள் இறங்கின. ஆமை போய் வாசல்மேல் அழுந்த உட்கார்ந்தது.

"பெரியப்பா, எழுந்திருங்கள்! மூச்சு முட்டுகிறது."

"முதல் பழம் எங்கே?"

பத்து நாள் அது அசையவில்லை. பொறிவண்டு மடல் மடலாகத் தின்று தீர்த்தது. எறும்புகள் வேறு வழி தோண்டி அடுத்த மணல்மேட்டுக்குப் போயின. "பழத்தை மறக்கமாட்டேன், பெரியப்பா" என்று கருப்பணன் தூரத்திலிருந்து சொன்னது.

அடுத்த கோடையில் உச்சியில் ஒரே ஒரு பழம் சிவந்தது. விழவில்லை.

"காற்றடித்தால் விழும், மாமா" என்றது பொறிவண்டு.

"விழுந்தால் அது காற்று தந்தது. கருப்பணன் தரவேண்டிய பழம் அப்படியேதான் இருக்கிறது" என்று சொல்லி ஆமை மறுபடி அண்ணாந்தது.

எட்டாத ஒன்றுக்கு ஆசைப்பட்டு, கூடவே இருக்கும் காவலைத் துரத்துகிறவர், பிறகு வெகுகாலம் அண்ணாந்து பார்த்தே இருக்க வேண்டியதுதான்.