மண் கேட்டு வந்த குயவன்

நம் தாத்தாவின் தாத்தாவுக்கே மீசை அரும்பாத காலம் அது. வெள்ளியாற்றின் கரையில் ஆலங்கரை என்று ஓர் ஊர் இருந்தது. முப்பது வீடு, அத்தனை பேரும் நெல் விளைவிக்கிறவர்கள். அங்கிருந்து இரண்டு நாழிகை நடந்தால் கல்மேடு. அங்கே இருபது வீடு. அத்தனை பேரும் குயவர்கள்.

கல்மேட்டில் சேவுகன் என்று ஒருவன் இருந்தான். ஆள் குட்டை, பேச்சு அதைவிடக் குட்டை. ஆலங்கரை வீடுகளில் எரிகிற அடுப்பெல்லாம் அவன் கையால் பிடித்து வைத்தவை. எந்த வீட்டில் எத்தனை வாய், யார் வீட்டில் விருந்து அதிகம், யார் வீட்டில் மாமியார் தனி உலை வைக்கிறார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தெரிந்ததை வெளியே சொல்லமாட்டான். அதனால்தான் எல்லா வீட்டு அடுப்படிக்கும் அவனைக் கூப்பிட்டார்கள்.

ஒரு வருஷம் ஆடி மாதத்தில் வெள்ளியாறு கரையை உடைத்துக்கொண்டு ஆலங்கரைக்குள் வந்தது. வந்தது சும்மா போகவில்லை, மூன்று நாள் தங்கிவிட்டுப் போனது. சனங்கள் கோயில் திடலில் ஏறி உயிர் தப்பினார்கள். பாதி மாடு போயிற்று, மண்வெட்டி போயிற்று, குதிரில் இருந்த நெல் போயிற்று. ஆறு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது ஒன்றே ஒன்றுதான். சேறு. வீட்டுக்குள் முழங்கால் அளவு, வயலில் இடுப்பளவு. ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் இருந்த இடமே தெரியவில்லை.

சேவுகன் கல்மேட்டிலிருந்து ஓடி வந்து பார்த்தான். குனிந்து ஒரு பிடி சேற்றை எடுத்து உருட்டினான். மண்ணோடு பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த ஒரு பிடி போதும். இன்னும் பதினெட்டு நாள் வெயில் அடித்தால் இது இறுகிவிடும். அதன்பிறகு கடப்பாரைதான் வளையும், மண் அசையாது. வாய்க்கால் திறக்காவிட்டால் நடவு இல்லை. நடவு இல்லாவிட்டால் முப்பது வீடும் மூட்டை கட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையாகப் போகவேண்டியதுதான். 

மறுநாள் காலையில் கல்மேட்டு ஆட்கள் அறுபது பேரைக் கூட்டிக்கொண்டு, மண்வெட்டியும் கூடையுமாக வந்து நின்றான். ஆலங்கரைக்காரர்கள் அப்போது கொட்டாங்கச்சியால் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்த்தலைவர் மருதவாணர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு எதிரே வந்தார். ஐம்பது வயது, ஆறே வந்தாலும் வளையாத முதுகு.

"கும்புடுறேனுங்க. வாய்க்கால்ல இறங்கலாம்னு வந்தோம்" என்றான் சேவுகன்.

"வந்தது சந்தோஷம் சேவுகா. எங்களுக்கு ஆள் எதுவும் தேவையில்ல. நாங்களே பாத்துக்குறோம்" என்றார் மருதவாணர்.

அறுபது பேரும் திரும்பிப் போனார்கள். வழியெல்லாம் ஒரே முணுமுணுப்பு. "சேத்துல நின்னுக்கிட்டும் திமிரு குறையல பாரு" என்றான் ஒருவன்.  சேவுகனுக்கும் கோபம்தான், ஆனால் கோபப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, பதினெட்டு நாளில் ஒரு நாள் போய்விட்டது.

இரண்டாவது முறை, கல்மேட்டிலிருந்து பத்து மூட்டை வரகு கொண்டுபோனான். சண்டைக்கு இடம் வைக்கவேண்டாம் என்று யாரையும் கூப்பிடாமல் கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்தான். அன்று மாலைக்குள் பத்து மூட்டையும் கல்மேட்டு எல்லையில் வந்து நின்றன. ஒரு மூட்டை வழியில் கிழிந்திருந்தது போலும். சிந்தியதைக்கூட ஒரு மணி விடாமல் பொறுக்கி, தனியே ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தார்கள்.

அந்தச் சின்ன முடிச்சைச் சேவுகன் அவிழ்த்துப் பார்த்தான். பசித்த வயிறு ஒரு பிடியையாவது உள்ளே தள்ளியிருக்கும். இவர்கள் தள்ளவில்லை. திமிராக இருந்தால் மூட்டையை உதைத்துத் தள்ளியிருப்பார்கள், இப்படிப் பொறுக்கி முடிந்திருக்கமாட்டார்கள். இது வேறு ஏதோ.

மூன்றாம் நாள் தனியாகப் போனான். யாரோடும் பேசாமல், தான் பிடித்த அடுப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டு தெருவில் நடந்தான். உச்சிப் பொழுது. முப்பது வீட்டில் இரண்டு வீட்டில்தான் புகை. அந்த இரண்டிலும் பிள்ளைகளுக்கு அல்லிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு ஆலங்கரை வழக்கம் நினைவுக்கு வந்தது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில், யாருடைய நன்மைக்காக மண்வெட்டி இறங்குகிறதோ, அவர்தான் வேலை செய்கிறவருக்கு உச்சிப் பொழுதில் சோறு போடவேண்டும். கூலி பிறகு, சோறு முதலில். சோறு போட வக்கில்லாதவர் அடுத்தவர் கையைத் தம் வேலையில் பட விடக்கூடாது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஒருவர்கூட மீறியதில்லை. ஊருக்கு அதில் அத்தனை பெருமை.

இப்போது அந்தப் பெருமைதான் ஊரின் கழுத்தைப் பிடித்திருந்தது. அறுபது பேர் வேலைக்கு வந்தால் அறுபது இலை போடவேண்டும். எதை வைத்துப் போடுவார்கள்? வரகை வாங்கிச் சமைத்தால் வந்தவர் சோற்றை வந்தவருக்கே போட்டதாகும், தாமே உண்டால் உழைக்காமல் தின்ற சோறாகும். அதனால் வாயை மூடிக்கொண்டு கொட்டாங்கச்சியால் ஆற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். சொன்னால் போடச் சோறில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

சேவுகன் தான் கோபப்பட்டதை நினைத்து வெட்கப்பட்டான். நேரே மருதவாணர் வீட்டுக்குப் போனான். அவரும் அவர் மனைவி காத்தாயியும் வாசலில் சேறு வழித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, உங்ககிட்ட ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன்" என்றான்.

மருதவாணர் நிமிர்ந்தார். மூன்று நாளில் முதல்முறையாக ஒருவன் அவரிடம் உதவி கேட்கிறான். "எங்ககிட்டயா? கேளு" என்றார்.

"எங்களுக்கு மண்ணு வேணுமுங்க. வீட்டுல கிடக்குறது, வயல்ல கிடக்குறது, வாய்க்கால்ல கிடக்குறது, எல்லாம் வேணும். நீங்க மனசு வச்சா அள்ளிக்கிட்டுப் போயிடுவோம்."

மருதவாணர் ஊரைச் சுற்றிப் பார்த்தார். அவரிடம் கொடுப்பதற்கு இருந்த ஒரே பொருளைத்தான் இவன் கேட்கிறான். அதுவும் குறைவில்லாமல் இருந்த பொருள்.

"இதென்ன பெரிய விஷயம். தாராளமா எடுத்துக்க" என்றார். அந்தக் குரலில் பழைய மருதவாணர் கொஞ்சம் தெரிந்தார்.

"இன்னொண்ணு. எங்க ஆளுங்க மட்டும் பத்தாது. உங்க ஊருக்காரங்களும் கூட நின்னு அள்ளிக் குடுக்கணும். நன்மை எங்களுக்கு. அதனால உங்க வழக்கப்படி உச்சிப் பொழுதுச் சோறு எங்களோடது. அதுக்குச் சம்மதிச்சாத்தான் மண்ணைத் தொடுவோம்."

மருதவாணர் தலையை ஆட்டினார். வழக்கம் அப்படித்தான் சொல்கிறது. தம் வழக்கத்தை அவரே எப்படி மறுப்பார்?

காத்தாயி மட்டும் குனிந்து கொஞ்சம் சேற்றை எடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். நறநறவென்றது. பாதிக்குப் பாதி மணல். இந்த மண்ணில் பானை செய்தால் சூளையை விட்டு முழுதாக வெளியே வராது என்பது, முப்பது வருஷம் பானையில் பொங்கியவளுக்குத் தெரியாதா? சேவுகனை ஏறிட்டுப் பார்த்தாள். அவன் தலை குனிந்துகொண்டான்.

"தம்பி, எடுக்குறதுன்னா அரையும் குறையுமா விட்டுட்டுப் போகக்கூடாது. சுத்தமா எடுக்கணும்" என்றாள் காத்தாயி.

"சுத்தமா எடுத்துடுறோம் ஆத்தா."

அப்புறம் என்ன, இரண்டு ஊரும் இறங்கின. முதலில் வீடுகள், அடுத்து கிணறும் வயலும், கடைசியில் வாய்க்கால். கல்மேட்டு வண்டிகள் மண் ஏற்றிக்கொண்டு போய், வரகும் கேழ்வரகும் ஏற்றிக்கொண்டு வந்தன. உச்சிப் பொழுதில் கல்மேட்டுப் பெண்கள் கூழ் ஊற்றினார்கள். ஆலங்கரைக்காரர்கள் தலை நிமிர்ந்து உட்கார்ந்து குடித்தார்கள். மண் கொடுத்தவர்கள் அல்லவா, இன்னும் ஒரு அகப்பை ஊற்று என்று கேட்கக்கூடச் செய்தார்கள். பதினைந்தாம் நாள் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. கோயிலில் தப்பியிருந்த விதை நெல்லைக் கொண்டு ஆவணி கடைசிக்குள் நடவு முடிந்தது.

கதை இதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள்.

கல்மேட்டு ஊர் வாசலில் அந்த மண் ஒரு குன்று போல் குவிந்து கிடந்தது. சேவுகன் ஆசைக்கு மூன்று பானை செய்து பார்த்தான். மூன்றும் சூளையில் வெடித்தன. நாலாவது செய்யவில்லை. குன்றின்மேல் புல் முளைத்தது, ஆடு ஏறி மேய்ந்தது. ஊரின் தானியமோ கரைந்துவிட்டது. போதாக்குறைக்கு ஐப்பசி அடைமழையில் பச்சைப் பானைகள் காயவில்லை. சூளை மூட்ட வழியில்லை, பண்டமாற்றுக்குப் பானை இல்லை. "உன் மண்ணைக் கரைச்சுக் குடிக்கலாமா?" என்று உறவுக்காரர்களே சேவுகனைக் கேட்டார்கள். அவன் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆலங்கரைக்குப் போய் ஒரு வார்த்தை சொல் என்றார்கள். போகவில்லை. சொன்னால், அன்று மண் கேட்டதற்கு அர்த்தம் மாறிவிடும்.

தை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது, முதல் அறுவடையான முன்னறுப்பு முடிந்த கையோடு மருதவாணர் பொங்கலுக்குப் பானை வாங்கக் கல்மேட்டுக்கு வந்தார். ஊர் வாசலிலேயே நின்றுவிட்டார். எதிரே புல் முளைத்த குன்று. ஆலங்கரை மண் அத்தனையும், ஒரு கூடைகூடக் குறையாமல். கிட்டே போய் ஒரு பிடி எடுத்துத் தேய்த்தார். நறநறவென்றது.

பிறகு தெருவைப் பார்த்தார். உச்சிப் பொழுது. இருபது வீட்டில் இரண்டு வீட்டில்தான் புகை.

பானை கேட்காமலே திரும்பிப் போனார்.

மூன்றாம் நாள் ஆலங்கரை வண்டிகள் பதினைந்து வரிசையாக வந்தன. பின்னால் ஆண்களும் பெண்களும் மண்வெட்டி கூடையோடு நடந்து வந்தார்கள். மருதவாணர் முன்வண்டியிலிருந்து இறங்கி, சேவுகன் எதிரே வந்து நின்றார். அந்த வளையாத முதுகு கொஞ்சம் வளைந்தது.

"சேவுகா, உங்கிட்ட ஒரு உதவி கேட்டு வந்திருக்கேன். எங்க நாத்தங்காலுக்கு மண்ணு பத்தல. இந்தக் குவியல்லேருந்து அள்ளிக்கலாமா?"

சேவுகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "தாராளமா அள்ளிக்குங்க ஐயா" என்றான்.

"நீங்களும் கூட நின்னு அள்ளிக் குடுக்கணும். நன்மை எங்களுக்கு. அதனால சோறு எங்களோடது."

வண்டிகளின் பின்பக்கத்தில் புது நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. காத்தாயி அதற்குள் சேவுகன் வீட்டு அடுப்பில் உலையை ஏற்றிவிட்டாள். மண் எடுத்து முடிய எத்தனை நாளாகும் என்று யாரோ கேட்டதற்கு, "அவசரமென்ன, மெதுவா அள்ளுவோம்" என்றாள். அந்தக் குன்று கரைய இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் வெயில் வந்து, பானை காய்ந்து, கல்மேட்டுச் சூளைகளும் புகைய ஆரம்பித்துவிட்டன.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: துயரத்தில் இருப்பவருக்குக் கை கொடுக்கப் போகிறவர், அவர் தலை தாழாமல் வாங்கிக்கொள்ள ஒரு வழியையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.