உப்பை வைத்துவிட்டுப் போனவள்

கணவாய் அடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. வழிப்போக்கர் யார் வந்தாலும் உச்சிவேளையில் அங்கே கஞ்சி உண்டு. முதல் அகப்பையை ஊற்றுமுன் அன்றைய அரிசியைக் கொடுத்தவர் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் "நல்லா இருக்கட்டும்" என்பார்கள். அப்புறம்தான் சாப்பாடு.

பெயர் கூப்பிடும் வேலை குழந்தைவேல் செட்டியாருக்கு. பெயரில்தான் குழந்தை, வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ஊர் ஊராக வண்டி விட்டு வியாபாரம் செய்தவர், போதும் என்று தோன்றிய ஒரு நாள் கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். அவருடைய குரு அருளம்பலச் சாமிக்கு அவர் மகன் வயதுகூட இராது.

அந்த வருஷம் கடலோரத்தில் புயல் அடித்தது. உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பெல்லாம் வந்த வழியே கடலுக்குப் போயிற்று. கணவாய்ச் சாலையும் பாதி சரிந்தது. இருக்கிற உப்பு தன் குடிகளுக்கே போதாது என்று பயந்த கடலோர அரசன், ஒரு கல் உப்புகூடச் சுங்கச்சாவடியைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டான். அவனைக் குறை சொல்லவும் வழியில்லை.

மடத்து உப்புப் பானை காலியாயிற்று. சாலையைச் சீர்செய்ய வந்த ஆட்களுக்கு மடத்துக் கஞ்சிதான் ஆகாரம். வெயிலில் மண் வெட்டிவிட்டு வந்தவர்கள், உப்பில்லாத கஞ்சியை இரண்டு வாய்க்கு மேல் இறக்க முடியாமல் எழுந்துபோனார்கள். நாளைக்கும் இப்படித்தான் என்றால் ஊருக்குக் கிளம்புகிறோம் என்று மேஸ்திரி தன்மையாகத்தான் சொன்னார். அவர்கள் போனால் சாலை இல்லை. சாலை இல்லாவிட்டால், உத்தரவு நீங்கினாலும் உப்பு வராது. அரிசி வண்டியும் வராது.

செட்டியார் குருவிடம் போய் நின்றார்.

"சாமி, இதுல யாரைக் குத்தம் சொல்றது? மழையையா, ராஜாவையா?"

"இதுவரைக்கும் உப்பு யார் கொடுத்தாங்க, செட்டியாரே?"

உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள் அந்தப் பக்கத்தில். அதனால் உப்பு வண்டிக்காரர்கள் மடத்துக் கிணற்றில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கொல்லைக் கதவருகே ஒரு படி உப்பைத் தரையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகு மடத்தார் எடுத்துக்கொள்வார்கள். கொடுத்தவர் முகத்தை எடுத்தவர் பார்த்ததே இல்லை.

"தெரியாது சாமி."

"கேட்டுட்டு வாங்க."

அடுப்பு பற்றி எரிகிற நேரத்தில் ஊர் விசாரிக்க அனுப்புகிறாரே என்று முணுமுணுத்தபடி, விடிந்ததும் செட்டியார் கிளம்பினார். சரிந்த சாலையில் பாதி நடந்தும் பாதி தவழ்ந்தும் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தப் பக்கம் ஓலைப்பாய் போட்டு மூடிய உப்பு வண்டி ஒன்று முடங்கிக் கிடந்தது. அருகே ஒரு பெண் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்; அவள் புருஷன் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். மடத்துக் கொல்லையில் உப்பு வைப்பது யாரென்று அவளிடம் கேட்டார்.

"நாந்தான். ஏன், உப்புல மண்ணு கிண்ணு இருந்துச்சா?"

"இல்லம்மா. உங்க பேர் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

அவள் வடித்த பானையை நிமிர்த்தி வைத்தாள். பிறகு செங்கமலம் என்றாள். மடத்துக் கிணறு இல்லாவிட்டால் மாடுகள் கணவாய் ஏறாது, அந்தத் தண்ணீருக்குத்தான் அந்த உப்பு என்றும் சொன்னாள். மடத்தில் உப்பில்லாத கஷ்டத்தைச் செட்டியார் சொன்னதும் வண்டிப் பாயைத் தூக்கப் போனாள். சாவடிக் காவலன் இருளப்பன் குறுக்கே வந்தான். உப்பை விட்டால் தன் வேலை போய்விடும் என்றான்; அதுவும் உண்மைதான்.

செங்கமலம் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சாடியை எடுத்து வந்தாள். வழிச்சோற்றுக்கு அவர்களிடம் இருந்த தொடுகறியே அது ஒன்றுதான். உப்பிலேயே ஊறிக் கறுத்த நார்த்தங்காய்.

இருளப்பன் சாடிக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஊறுகாயைத் தடுக்கச் சொல்லி உத்தரவு இல்ல," என்றான்.

அவள் தரையில் வைக்கட்டும் என்று செட்டியார் வழக்கம்போல ஒதுங்கி நின்றார்.

"இது ஊறுகாதானே. கையிலயே வாங்கிக்குங்க," என்றாள் செங்கமலம்.

செட்டியார் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்குவதும் விற்பதுமாகவே ஆயுள் போனவர். விலை பேசாமல் கைநீட்டி வாங்கியது அன்றைக்குத்தான்.

உச்சிவேளையில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் இலைத்துண்டிலும் ஒரு கீற்று நார்த்தங்காய். செட்டியார் அரிசி கொடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார். பிறகு செங்கமலம் என்றார். பிறகு அவள் புருஷன் பெயரை. பிறகு இருளப்பனை. வண்டி மாடுகளை. உப்பு வாரியவர்களையும் நார்த்தை மரம் வைத்தவரையும் பெயர் தெரியாமலே கூப்பிட்டார். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த மேஸ்திரியையும் ஆட்களையும் ஒவ்வொருவராக. தங்கள் பெயரைக் கேட்டு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்குப் போகும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

செட்டியார் நனைந்த கண்ணோடு குருவின் பக்கம் திரும்பினார்.

"கூப்பிடக் கூப்பிட நீண்டுக்கிட்டே போகுது சாமி. எங்க நிறுத்தறது?"

"கஞ்சி ஆறுது, ஊத்துங்க. மிச்சப் பேரை நாளைக்குக் கூப்பிடலாம், செட்டியாரே. நாளைக்கும் பசிக்கும்."