ஏழு நாளில் அரிசியளவு பொன்

விடை கதையின் கடைசியில் இருக்கிறது. நேராக அங்கே போகிறவர்கள் போகலாம். ஆற்றில் பொன் அரிக்க வருகிறவர்களிலும் அப்படி அவசரக்காரர்கள் உண்டு. மேல்மண்ணை இரண்டு கை அள்ளிப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

செங்கரையாறு மலையை விட்டு இறங்குகிற இடத்தில் பதினோரு குடும்பங்கள் பொன் அரித்துப் பிழைக்கின்றன. மரவை என்று அவர்கள் சொல்லும் தட்டு ஒன்று போதும். பலா மரத்தில் குடைந்தது, அகலமானது. பாறை இடுக்கில் தங்கிய மண்ணை அதில் அள்ளி, தண்ணீரில் அமிழ்த்தி, மெல்ல ஆட்டிச் சுழற்ற வேண்டும். லேசான மணல் விளிம்பைத் தாண்டிப் போய்விடும். கனமான கருமணல் அடியில் நிற்கும். அதற்கும் அடியில், இருந்தால், பொன் நிற்கும். அந்த ஆற்றில் பொன் கட்டியாகக் கிடைப்பதில்லை. கோதுமை மாவு போலப் பொடியாகத்தான் வரும்.

அவர்களுடைய வழக்கங்கள் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும். மரவையை அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்த பிறகுதான் ஒருவருடைய அன்றைய வேலை தொடங்கியதாகக் கணக்கு. ஏன் சாம்பல் என்று கேட்டால் சிரிப்பார்கள். அப்பன் போட்டான், நாங்களும் போடுகிறோம். மரவையைத் தாண்டிப் போன பொன் ஆற்றுடையது, பிறகு எடுத்தவருக்குச் சொந்தம். புதிதாக வருகிறவர் ஏழு நாள் வேலை செய்து, தன் மரவையில் ஒரு அரிசியளவு பொன் சேர்த்துக் காட்டினால் கரையில் இடம் உண்டு. இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அங்கே புஷ்பராணி வந்து சேர்ந்தாள். அவள் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலை மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆற்றிலும் இடம் கிடைக்காவிட்டால் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போக வேண்டும். அங்கே விடுதியில் குழந்தைகளைச் சேர்க்க மாட்டார்கள். மூன்று வயது மகளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

கூட்டத்துத் தலைவர் மாசிலாமணி அவளுக்கு நல்ல இடமாகத்தான் ஒதுக்கினார். ஆற்றோட்டத்தில் அவளுக்குப் பத்தடி கீழே வேலம்மா உட்கார்ந்திருந்தாள். ஓடிவருகிற தண்ணீரில் பழைய கம்பளித் துண்டை விரித்து, அதில் சிக்குகிற பொடியைப் பிறகு உதறி அரிப்பது வேலம்மாவின் முறை.

புஷ்பராணி வீட்டில் பொறுப்பானவள். புதுத் தோசைக்கல்லை எண்ணெய் தடவித் தடவிப் பழக்கியவள். புது மரவை, வெயிலில் வெடித்துவிடப் போகிறது என்று அதற்கும் தினமும் சாயங்காலம் தேங்காய் எண்ணெய் தடவினாள். மற்றவர்கள் வந்து கரையில் சாம்பல் போட்டுத் தேய்க்கும்போது அவள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பாள். முதல் ஆளாக வருகிறாளே என்று மாசிலாமணிக்குப் பெருமை வேறு. சாம்பல் விஷயத்தை வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று பதினோரு குடும்பமும் நினைத்தது.

ஆறு நாள் போயிற்று. அவள் மரவையில் கருமணல்தான் நின்றது. வேலம்மாவின் கம்பளியிலோ என்றும் இல்லாத அளவுக்குப் பொன். நான்காம் நாளே வேலம்மா பார்த்துவிட்டாள்: மேலிருந்து வந்த தண்ணீரில் எண்ணெய்ப் படலம், அதன்மேல் மஞ்சள் பொடி மிதந்து வந்தது. பார்த்தவள் வாய் திறக்கவில்லை.

ஏழாம் நாள் சாயங்காலம் மாசிலாமணி புஷ்பராணியின் மரவையை வாங்கிக் கட்டைவிரலால் வழித்தார். முகர்ந்து பார்த்து, "தேங்கா எண்ணெய்" என்றார். கூட்டம் புரிந்துகொண்டது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய பொன்பொடி தண்ணீரில் அமிழாமல் மிதந்து போயிருக்கிறது.

கூட்டத்தில் ஆள் குறைவு. இவள் இருந்தால் நல்லது என்பதே மாசிலாமணியின் ஆசை. ஆனாலும் சொன்னார்: "மரவையில ஒண்ணும் இல்லம்மா. உனக்காக வழக்கத்த வளைச்சா நாளைக்கு எல்லாருக்கும் வளைக்கணும். இடம் இல்ல."

வேலம்மா மடியிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து வைத்தாள். வழக்கப்படி அவளுக்கே சொந்தமான பொன். "இதுல நாலு அரிசி இருக்கு. எல்லாம் அவ மண்ணுல இருந்து வந்தது. இத அவ பொன்னுன்னு வச்சு இடம் குடுங்க. நாலு நாளா வாய மூடிக்கிட்டு இருந்தேன், மனசு உறுத்துது."

புஷ்பராணி குப்பியைத் தொடவில்லை. "வேணாங்கக்கா. என் மரவையில நிக்காதது என்னோடது இல்ல. ஏழு நாள் குடுத்தீங்க, நான் தோத்துட்டேன். கிளம்புறேன்."

மூவருமே தங்களுக்கு நஷ்டம் வருகிற பக்கமே பேசினார்கள். மகள் ஒருத்தி வீட்டில் காத்திருக்கிறாள். இதில் யார் சொன்னது சரி?

விடை: பொன்னைப் பற்றிப் புஷ்பராணி சொன்னது சரி. அது ஆற்றுக்குப் போய் வேலம்மாவிடம் வந்தது, வேலம்மாவுக்கே சொந்தம். ஆனால் இடத்தைப் பற்றி மூவர் சொன்னதும் தப்பு. மூவரும் ஏழு நாள் முடிந்துவிட்டதாக நினைத்துப் பேசினார்கள். சாம்பல் போட்டுத் தேய்த்த பிறகுதான் வேலை தொடங்கியதாகக் கணக்கு. புஷ்பராணி ஒரு நாளும் தேய்க்கவில்லை. ஆகவே அவள் தோற்கவும் இல்லை, இன்னும் தொடங்கவே இல்லை. இதைக் கடைசியில் கண்டுபிடித்தவரும் மாசிலாமணிதான்; தலையில் அடித்துக்கொண்டார். மூடி வைத்த வாய்க்குத் தண்டனையாக, மறுநாள் விடிந்ததும் வேலம்மா தன் அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து அந்த மரவையைத் தேய்த்துக் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. தேய்த்துக் கொடுத்தாள். அன்று மதியத்துக்குள் கருமணலுக்கு அடியில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று நின்றது. புஷ்பராணிக்கு அது முதல் நாள்.