குமிழி வாங்கிய மடிக்கணினி

ஒரு மலையாற்றங்கரையில் குமிழி என்றொரு நீர்நாய் இருந்தாள். அந்தக் காட்டில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பத்திரிகைக்குப் படம் வரைந்து கொடுப்பது அவள்தான். காலையில் மடிக்கணினியைத் திறந்தால் பொழுது சாயும்வரை தலை நிமிர மாட்டாள்.

சாயங்காலம் மட்டும் வேறு கதை. அவளுடைய ஒரே தம்பி சுழியன், கல்யாணமாகி ஆற்றின் கீழ்க்கோடிக்குப் போய்விட்டான். நடுவே ஓர் அணை. நேரில் பார்த்துக்கொள்ள வழியில்லை. அதனால் இரண்டு பேரும் அவரவர் மடிக்கணினியில் ஒரே விளையாட்டில் சேர்ந்துகொள்வார்கள். வெள்ளத்தில் பரிசல் ஓட்டும் விளையாட்டு அது. இடப்பக்கத் துடுப்பு அக்காவுக்கு, வலப்பக்கத் துடுப்பு தம்பிக்கு. பாதி நேரம் துடுப்பு, மீதி நேரம் பேச்சு. "சாப்பிட்டியாடா?" என்று ஆரம்பித்தால் மாமியார் வீட்டுச் சங்கதிவரை எல்லாம் அந்தப் பரிசலில்தான் நடக்கும்.

எப்போதும் ஈரக் கையோடு தட்டித் தட்டி, ஒருநாள் குமிழியின் மடிக்கணினி கண்ணை மூடிவிட்டது. பாவம், நீர்நாய் வேறு எந்தக் கையோடு தட்டும்!

புதிது வாங்க வேண்டும். அங்கேதான் வந்தது வம்பு. அவளிடம் இருந்த பழைய வகை இப்போது வருவதில்லை; காட்டில் இரண்டு வகை மடிக்கணினிகள்தான் இருந்தன. மயில் விற்பது 'தோகை'. காட்டெருமை விற்பது 'கொம்பு'. ஒன்றில் ஓடுவதெல்லாம் மற்றதில் ஓடாது. அது போகட்டும்! தோகை வைத்திருப்பவர்கள் கொம்பு வைத்திருப்பவர்களோடு சேர்ந்து தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கருவிகளுக்குள் இல்லாத பகை அதை வாங்கியவர்களுக்குள் இருந்தது.

குமிழி நீர்த்துறைக்குப் போனாள். இரண்டு கடையும் அங்கே எதிரெதிரே இருந்தன.

"தோகையை எடு குமிழி! கையில் கனமே தெரியாது! சத்தமே வராது! நீ செம்பருத்தி வரைந்தால் வண்டு வந்து திரையில் மோதும்!" என்றது மயில்.

"மோதட்டும், மோதட்டும்!" என்றது காட்டெருமை. "நம்ம கொம்பு கனம்தான். சூடாகும்தான். கத்தவும் செய்யும். ஆனா எந்த விளையாட்டைப் போட்டாலும் அசராது! நீ விளையாடுவியாம்மா?"

'ஆமாம்' என்ற சொல் குமிழியின் தொண்டைவரை வந்துவிட்டது. அதற்குள் பக்கத்தில் நின்ற மிளாமான் அத்தை களுக்கென்று சிரித்தாள். மகள் கல்யாணப் பத்திரிகைக்குப் படம் வேண்டுமென்று குமிழியிடம் சொல்லிவிட்டுப் போக வந்தவள் அவள்.

"நல்லாக் கேட்டீங்க போங்க! ஏழு கழுதை வயசாச்சு, இவளுக்கு என்ன விளையாட்டு? வேலை செய்யற பொண்ணு!" என்றாள்.

குமிழிக்குக் காது சூடாகிவிட்டது. "சேச்சே! எனக்கு வேலைக்குத்தான்!" என்றாள்.

வேலைக்கு மட்டும் என்றால் தோகைதான். வருஷமெல்லாம் சேர்த்து வைத்த கருவாட்டைக் கொடுத்துத் தோகையை வாங்கி வந்தாள்.

அன்று சாயங்காலம் ஆசையாக விளையாட்டைத் தொட்டாள். 'இது தோகையில் ஓடாது' என்று திரை சொன்னது. மூடினாள், திறந்தாள், கையைத் துடைத்துவிட்டுத் தொட்டாள். திரை அதையேதான் சொன்னது.

தம்பியிடம் என்னவென்று சொல்வது? ஊர் என்ன நினைக்குமோ என்று உன்னை விட்டுவிட்டேன் என்றா? 'கொஞ்ச நாளைக்கு வேலை ஜாஸ்திடா' என்று செய்தி அனுப்பினாள். 'சரிக்கா' என்று பதில் வந்தது. அந்த ஒற்றைச் சொல் அவளை என்னவோ செய்தது.

தோகையில் படங்கள் ஜொலித்தன. காடே மெச்சியது. குமிழிக்குத்தான் எதுவும் ருசிக்கவில்லை.

ஒருநாள் கீழ்க்கோடியிலிருந்து ஒரு நாரை வந்து இறங்கியது.

"உன் தம்பி நல்லாத்தான் இருக்கான்," என்றது நாரை. "ஆனா சாயங்காலமானா என்னமோ ஒரு பரிசலை வெச்சுக்கிட்டுத் தனியா உட்கார்ந்திருக்கான். ஒத்தைத் துடுப்பு! அது நின்ன இடத்திலேயே சுத்துது. வேற ஆளைச் சேர்த்துக்கோடான்னேன். 'அது அக்கா இடம், அக்கா வந்துரும்'னுட்டான்!"

குமிழிக்குக் கண் நிறைந்துவிட்டது. தோகையை மார்போடு அணைத்துக்கொண்டு நீர்த்துறைக்கு ஓடினாள்.

வாங்கியதை மாற்ற அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் குடிக்க எல்லாரும் கூடியிருக்கும் நேரத்தில், துறைப் பாறைமேல் ஏறிக் காரணத்தை உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்தே பலர் பிடிக்காததை வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

குமிழி பாறைமேல் ஏறினாள்.

"என்ன குறை கண்டாய் என் தோகையில்?" என்று மயில் சிலிர்த்தது.

"ஒரு குறையும் இல்லை! குறை என்னிடம்தான்!" என்றாள் குமிழி. "நான் விளையாடுவேன்! தினமும் விளையாடுவேன்! என் தம்பியோடு பரிசல் ஓட்டுவேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொல்லிவிட்டேன். அவன் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான்!"

மிளா அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நான் ஒரு கூறுகெட்டவ! சிரிச்சுத் தொலைச்சேன். கூடப் பிறந்தவனோட பேசறதுக்கு என்னடி வெட்கம்? போ, சீக்கிரம் மாத்திக்கிட்டுப் போ!" என்றாள். மயில் தோகையைத் திரும்ப வாங்கிக்கொண்டு கருவாட்டைக் கொடுத்தது. காட்டெருமை அதை வாங்கிக்கொண்டு ஒரு கொம்பை எடுத்துத் துடைத்துக் கொடுத்தது.

கொம்பு கனத்தது. திறந்ததும் கத்தியது. செம்பருத்தி கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. இனிமேல் நிஜப் பூவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறம் பார்த்து வரைய வேண்டியதுதான்.

சாயங்காலம் விளையாட்டைத் திறந்தாள். வெள்ளத்தின் நடுவே பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. குமிழி இடப்பக்கத் துடுப்பைத் தண்ணீரில் போட்டாள்.

"வேலை முடிஞ்சுதாக்கா?" என்றது தம்பியின் குரல்.

"வேலையெல்லாம் இல்லைடா. உங்கிட்டப் பொய் சொன்னேன்," என்றாள் குமிழி.

"தெரியும்க்கா. நீ துடுப்பைப் போடு!" என்றான் சுழியன்.

பரிசல் நேராகப் போனது.

நாலு பேருக்கு வெட்கப்பட்டு நம் மனத்தின் தேவையை மறைத்து வாங்கும் பொருள், எவ்வளவு உயர்ந்ததானாலும் நமக்கு உதவாது.