வந்தாலும் வருவார்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று என்னைக் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் பக்கத்து நாட்டுக்காரன், "இது எங்கள் ஊர்க் கதை அல்லவா" என்று சண்டைக்கு வருவான். அந்த நாட்டு மன்னருக்கு ஒருநாள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஓர் ஆசை வந்தது. தமக்குப் புதிதாக ஒரு பட்டம் வேண்டும். ஏற்கெனவே இருந்த பதினாறு பட்டங்களும் அவருக்கு அலுத்துவிட்டன.

தலைமை அமைச்சர் நம்பிராயர் இந்த மாதிரி நேரத்துக்கென்றே பிறந்தவர். அன்றே சபையில் எழுந்து நின்றார்.

"மன்னா, தாங்கள் எத்திசை சென்றாலும் தங்கள் பல்லக்கு ஒருமுறையாவது குலுங்கியதுண்டா?"

"இல்லையே."

"நாட்டில் குழி இருந்தால் அல்லவா குலுங்கும்? ஆகவே தங்களுக்கு 'குழியறியாக் கோமான்' என்ற பட்டத்தைச் சூட்ட இச்சபை விரும்புகிறது."

மன்னர் பூரித்துப்போனார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? அவர் ஒரு பக்கம் போகிறார் என்றால் முதல் நாளே ஆட்கள் ஓடிப்போய்ப் பள்ளத்தில் வைக்கோலைத் திணித்து, மேலே செம்மண்ணைத் தூவி, தண்ணீர் தெளித்துவிடுவார்கள். பல்லக்கு போன மறுநாள் மாடு அதில் காலை விட்டு விழும். அது மன்னர் கண்ணில் படாது.

அதே நேரத்தில் கோட்டை வாசலில் காத்தாயி நின்றுகொண்டிருந்தாள். நெட்டேரி என்ற ஊரிலிருந்து கோட்டைக்குத் தயிர் கொண்டுவந்து விற்பவள். கையில் ஏழாவது விண்ணப்ப ஓலை. முந்தைய ஆறு ஓலைகளும் இடுப்பு முடிச்சில் இருந்தன. ஆறிலும் ஒரே பதில்: 'ஆவன செய்யப்படும்.' நெட்டேரிப் பாதையில் வண்டி ஒழுங்காகப் போக முடியவில்லை, ஓடைப்பாலம் இடிந்து இரண்டு வருஷம் ஆகிறது என்றுதான் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். இதுவரை ஒரு கூடை மண் விழவில்லை.

முன்பெல்லாம் அவளும் மற்றவர்களைப்போல ஏசிவிட்டுப் போய்விடுவாள். இப்போது அப்படி முடியவில்லை. மகள் செவந்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இன்னும் ஒரு மாதம். மருத்துவச்சி அஞ்சலை இருப்பதோ கோட்டைக்குள். "உன் ஊருப் பாதையில வந்தா எனக்கே ஒரு மருத்துவச்சி வேணும்டி" என்று அவள் கையை விரித்துவிட்டாள். போன மழைக்காலத்தில் தறிக்காரர் வீட்டு மருமகள், பிரசவத்துக்குக் கோட்டைக்கு வரும் வழியில், அந்த ஓடையில் வண்டி சிக்கிப் பிள்ளையைப் பறிகொடுத்தாள். அந்த அழுகை காத்தாயியின் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

சபைக்கு எப்போதும் தாமதமாக வரும் விகடர் குப்பாண்டி அன்றும் தாமதமாகத்தான் வந்தார். வாசலில் நின்றவளைப் பார்த்தார், ஆறு ஓலைகளையும் வாங்கிப் படித்தார். "வா தாயி, ஏழாவதுக்கு நேர்லயே பதில் வாங்கிக்கலாம்" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

"என்ன குப்பாண்டி, நம் புதிய பட்டம் எப்படி?" என்றார் மன்னர்.

"மிகப் பொருத்தம் மன்னா. தங்களைப்போலக் குழியை அறியாத கோமான் ஈரேழு உலகத்திலும் இல்லை."

சபையில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மன்னருக்குக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது.

"என் நாட்டில் குழி இருக்கிறது என்கிறாயா?"

"நான் சொன்னால் விகடம் என்பீர்கள். இந்த அம்மாள் சொல்லட்டும்."

காத்தாயி ஓரடி முன்னால் வந்து பேசினாள். "மகாராசா, நான் நெட்டேரிங்க. நாலு பானை தயிர் வண்டியில ஏத்துனா, கோட்டைக்கு வர்றதுக்குள்ள ரெண்டு பானை வெண்ணெயும் மோருமாப் போயிடுது. அத்தனை குலுக்கலுங்க."

நம்பிராயர் விடுவாரா? "கவனித்தீர்களா மன்னா? மத்து இல்லை, கயிறு இல்லை, கை வலி இல்லை. குடிமக்களுக்குத் தயிர் கடைந்து கொடுக்கும் பாதை வேறு எந்த நாட்டில் உண்டு?"

சபை கொல்லென்று சிரித்தது. மன்னரும் சிரித்தார். காத்தாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வயித்துல புள்ளையோட வர்றவளுக்கும் அதே குலுக்கல்தாங்க" என்றாள்.

சிரிப்பு நின்றது. மன்னர் அமைச்சரைத் திரும்பிப் பார்த்தார். "எப்போது சரிசெய்வீர்?"

"முதலில் குழிகளை எண்ண ஒரு குழு அமைப்போம் மன்னா. எண்ணியது சரிதானா என்று பார்க்க இன்னொரு குழு. எல்லாம் கூடி மூன்று ஆண்டுகள் ஆகும்."

"குழியை மூடச் சொன்னால் குழுவை அமைக்கிறார்" என்றார் குப்பாண்டி. "ஓர் எழுத்துப் பிழைதான் மன்னா, மன்னித்துவிடலாம். ஆனால் இதற்கு ஒரு மாதமே அதிகம்."

நம்பிராயர் எத்தனையோ நாளாகக் காத்திருந்த வார்த்தை இது. பிடித்துக்கொண்டார். "அப்படியானால் குப்பாண்டியே ஒரு மாதத்தில் செய்து காட்டட்டும். அரச ஆணை கிடையாது, முத்திரை கிடையாது. அவர் மண்வெட்டியைத் தொடக்கூடாது. மன்னர் பெயரால் ஒரு பொய்யும் சொல்லக்கூடாது. தவறினால் அவர் நாட்டை விட்டுப் போகவேண்டும். சபையில் அரசைப் பழித்த இந்தப் பெண்ணும் இனிக் கோட்டைக்குள் தயிர் விற்கக்கூடாது."

வேடிக்கை என்றால் மன்னருக்கு வெல்லம். "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் காத்தாயி பிடித்துக்கொண்டாள். "உங்க வாய் சும்மா இருக்காதா சாமி? பாதையும் இல்லாம, இப்ப என் பொழப்பும் போகப்போகுது."

"கோவப்படாத தாயி. நீ யார் யார் வீட்டுக்குத் தயிர் ஊத்துற?"

"பாதை அதிகாரி பொன்னுரங்கர் வீடு, அவருக்குக் கீழ இருக்கிற நாலு மேற்பார்வைக்காரங்க வீடு, பெரிய அமைச்சர் வீட்டு அடுக்களை..."

"போதும். போற வீட்டுல எல்லாம் ஒரே ஒரு வார்த்தை சொல்லு. மன்னர் வந்தாலும் வருவார்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா? கழுத்துக்குக் கத்தி வந்துரும்."

"இதுல பொய் எங்க இருக்கு? மன்னர் வரவே மாட்டார்னு உன்னால சத்தியம் பண்ண முடியுமா?"

காத்தாயி யோசித்துப் பார்த்தாள். மன்னர் மனசு யாருக்குத் தெரியும்? சத்தியம் பண்ண முடியாதுதான்.

மறுநாள் பொன்னுரங்கர் வீட்டில் தயிரை ஊற்றிக்கொண்டே, "பாதையெல்லாம் இப்படிக் கெடக்குதேம்மா. மன்னர் வந்தாலும் வருவார்" என்றாள். வீட்டம்மாள் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, "எந்தப் பக்கமா?" என்று கேட்டாள். "அது எனக்கெப்படித் தெரியும்மா. நான் தயிர்க்காரி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அன்றே அது பொன்னுரங்கர் காதுக்குப் போயிற்று. எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அந்த ஒரு பாதையோடு முடித்துவிடலாம். தெரியவில்லை என்றால்? எட்டுத் திக்கும் ஆட்கள் பறந்தார்கள். நெட்டேரிப் பாதையில் இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத மேற்பார்வைக்காரர் வெயிலில் குடை இல்லாமல் நின்று ஆட்களை விரட்டினார். ஆனால் வேலை என்னவோ பழைய வேலைதான். அதே வைக்கோல், அதே செம்மண். நான்காம் நாள் ஒரு கோடை மழை அடித்தது. காத்தாயியின் வண்டி அச்சுவரை இறங்கிவிட்டது.

அவள் வண்டியை விட்டுக் குதித்து மேற்பார்வைக்காரரிடம் போனாள். ஆத்திரத்தில் வாய் வரை வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டு, குப்பாண்டி சொல்லித்தராத ஒன்றைத் தானாகவே சொன்னாள். "பாத்துங்க. மன்னர் இன்னைக்கு வந்தாலும் வருவார். பத்து நாள் கழிச்சு வந்தாலும் வருவார். மழைக்குப் பின்னால வந்தாலும் வருவார்."

தினமும் வைக்கோல் திணித்து, தினமும் மண் தூவி, அடுத்த வாரத்துக்குள் அவர்களுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. ஒரேயடியாகக் கல் பாவிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமே என்று பொன்னுரங்கருக்கே தோன்றியது. ஒவ்வொரு பாதையாகக் கருங்கல் இறங்கியது, அதை இறுக்கத் திமிசுக்கட்டை இடித்தது.

பாலத்துக்கு மட்டும் இரண்டு பனைமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். காத்தாயி அதைப் பார்த்தாள். காலால் ஒரு தட்டுத் தட்டினாள். "மன்னர் யானை மேல வந்தாலும் வருவாரே, ஐயா" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பனைமரம் அன்றே போயிற்று. பத்து நாளில் ஆறு கல் தூண்களோடு பாலம் எழுந்தது.

நம்பிராயருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. மன்னரிடமே போய், "எங்கேனும் வருவதாக உத்தேசமோ?" என்று கேட்டுவிடலாம். "ஏன், வந்தால் என் கண்ணில் என்ன படும்?" என்று மன்னர் திருப்பிக் கேட்டால்? அதை நினைத்ததும் அவர் வாயை மூடிக்கொண்டார். மாதம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று கறுவிக்கொண்டிருந்தார்.

முப்பதாம் நாள் விடிந்ததும் செவந்திக்கு இடுப்பு வலி எடுத்தது. காத்தாயி வண்டியைப் பூட்டிக்கொண்டு கோட்டைக்கு ஓடிவந்தாள். அஞ்சலையை வண்டியில் ஏற்றியும் ஆயிற்று. திரும்பும்போது வாசலில் காவலர்கள் மறித்தார்கள். சபையில் விசாரணை, உடனே வரவேண்டும் என்றார்கள். வலியில் மகள், வண்டியில் மருத்துவச்சி, நடுவில் இந்த அமைச்சர். காத்தாயிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சபையில் நம்பிராயர் கணீரென்று பேசிக்கொண்டிருந்தார். "மன்னா, பாதை முடிந்தது உண்மை. ஆனால் எப்படி? தாங்கள் வருவதாக இவள் ஊரெல்லாம் பொய் பரப்பினாள். பரப்பச் சொன்னவர் குப்பாண்டி. தங்கள் பெயரால் பொய் சொன்னவர்களுக்கு என்ன தண்டனை என்று தாங்கள் அறிவீர்கள்."

மன்னரின் முகம் கறுத்தது. "நான் வருவேன் என்று சொன்னாயா?"

"இல்லீங்க மகாராசா. வந்தாலும் வருவார்னுதான் சொன்னேன்."

"இரண்டும் ஒன்றுதானே?"

குப்பாண்டி முன்னால் வந்து கைகட்டி நின்றார். "மன்னா, எளிதாகத் தீர்க்கலாம். 'என் குடிமக்கள் வாழும் நெட்டேரிக்கு நான் ஒருநாளும் வரவே மாட்டேன்' என்று இந்தச் சபையில் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இவள் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு நாங்கள் இருவரும் தலையைக் கொடுக்கிறோம்."

மன்னர் வாயைத் திறந்தார். சபையின் பின்பக்கம் முழுக்க ஊர் ஜனங்கள் நின்றிருந்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பொறுக்காமல் பொன்னுரங்கர் குறுக்கே பாய்ந்தார். "அநியாயம், மன்னா. தாங்கள் வரப்போவதில்லை என்று தெரிந்திருந்தால் நான் ஒரு கல்லைக்கூட நகர்த்தியிருக்க மாட்டேனே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நம்பிராயர் கண்ணை மூடிக்கொண்டார்.

மன்னர் பொன்னுரங்கரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காத்தாயியைப் பார்த்து, "உன் பேச்சைப் பொய்யாக்க எனக்கு மனம் இல்லை. இன்றைக்கே யானையில் நெட்டேரிக்கு வருகிறேன்" என்றார்.

"வேண்டாங்க மகாராசா" என்றாள் காத்தாயி.

மன்னர் தம்மைப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன ஒருத்தியை அன்றுதான் கண்டார்.

"நீங்க ஒருக்கா வந்துட்டீங்கன்னா, வந்துட்டுப் போயிட்டார்னு இவங்க கையக் கழுவிருவாங்க. வராமலே இருங்க. வந்தாலும் வருவீங்கன்னு இருந்தாப் போதும், நாங்க பொழச்சுக்குவோம். எனக்கு உத்தரவு குடுங்க, மக வலியில கெடக்கா, வாசல்ல மருத்துவச்சி காத்திருக்கா."

முதலில் மன்னரின் தொப்பைதான் குலுங்கியது. அப்புறம் கிரீடம் சரிந்தது. பிறகு சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். இத்தனை நாள் தாம் செய்ததிலேயே உருப்படியான காரியம் போகாமல் இருந்ததுதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டிக்குப் போட்டார். தோளில் கிடந்த பட்டைக் காத்தாயியிடம் கொடுத்து, "பிறக்கும் பிள்ளையைப் போர்த்து" என்றார். நம்பிராயரும் பொன்னுரங்கரும் மாதம் ஒருமுறை கட்டை வண்டியில் ஏறி நாட்டின் எல்லாப் பாதைகளிலும் போய்வரவேண்டும் என்று உத்தரவிட்டார். வண்டியில் மெத்தை போடக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

காத்தாயி அதையெல்லாம் கேட்க நிற்கவில்லை. வண்டியில் பாய்ந்து ஏறி மாட்டைத் தட்டினாள். கல் பாவிய பாதையில் வண்டி ஓடிய ஓட்டத்தில் கோட்டை மறைந்ததே தெரியவில்லை. ஓடைப்பாலத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஆட்கள் விளக்குமாறும் கையுமாக ஓரத்தில் ஒதுங்கி, "ஆத்தா, மன்னர் வர்றாரா?" என்று கேட்டார்கள்.

"வந்தாலும் வருவார்" என்றாள் காத்தாயி, மாட்டை நிறுத்தாமலே.

பின்னால் அஞ்சலை இரண்டு கையாலும் வண்டிச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, எங்கே பள்ளம் வரப்போகிறதோ என்று கண்ணை மூடியிருந்தாள். வண்டி வீட்டு வாசலில் நின்ற பிறகும், இறங்கடி என்று காத்தாயி சொல்லித்தான் அவள் கண்ணைத் திறந்தாள். உச்சிப்பொழுதுக்குள் பெண் குழந்தை பிறந்து, ஊருக்கே கேட்கும்படி அழுதது.