நலமே நலம் என்ற குயில்

ஒரு காட்டில், அதுவும் தன் சொந்தக் காடு அல்லாத ஒரு காட்டில், தேனம்மை என்றொரு மந்தி வேலை பார்த்து வந்தாள். அவளுடைய ஊர் நான்கு நாள் பயணத் தொலைவில் இருந்த ஒரு மலைச்சோலை. பிழைப்புக்காகச் சமவெளிக் காட்டுக்கு இறங்கி வந்தவள். இங்கே புள்ளிமான் கூட்டத்துக்குக் காவல் இருந்தாள். உயர்ந்த மரத்தில் உட்கார்ந்து, தூரத்துப் புதரில் புலியின் வால்நுனி தெரிந்தாலும் உரக்கக் கத்தி எச்சரிக்க வேண்டும். மான்கள் மேயும், இவள் கத்துவாள். அவ்வளவுதான் வேலை.

வேலையில் ஒரு குறையும் இல்லை, பிள்ளைகளே. மனசுக்குத்தான் குறை. மலைக் கதை பேச ஒரு துணை கிடையாது. மான்களிடம் பேசப்போனால், பாதிப் பேச்சில் காதை விறைத்துக்கொண்டு ஓடிவிடும். அப்படிப்பட்ட சமயத்தில்தான் ஒரு மழை நாளில் ஈர இலைக்கு அடியில் ஒரு குட்டி நத்தை அவளுக்குக் கிடைத்தது. சுருளி என்று பேர் வைத்து வளர்த்தாள். அன்றன்று நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்வாள். சுருளி இரண்டு கொம்பையும் நீட்டிக்கொண்டு கேட்கும். கதை முடியும்வரை கொம்பை உள்ளே இழுத்ததே இல்லை. வேறு யார் அப்படிக் கேட்பார்கள், சொல்லுங்கள்!

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாள், ஊரிலிருந்து மாடப்புறா சேதி கொண்டுவந்தது.

“உன் தங்கைக்குத் தலைப்பிள்ளை பிறந்திருக்கிறது. பௌர்ணமி அன்று பேர் வைக்கிறார்கள். பெரியம்மா வந்து காதில் சொன்னால்தான் பேராம். நீ வராவிட்டால் குட்டி பேரில்லாமல் கிடக்குமாம்.”

பௌர்ணமிக்குப் பத்து நாள்தான் இருந்தது. தேனம்மைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மான்களின் தலைவரிடம் விடுப்புக் கேட்டாள், அவரும் சரி என்றார். ஆனால் மரத்துக்குத் திரும்பி வந்து பொந்துக்குள் தூங்குகிற சுருளியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சுருளியை யாரிடம் விடுவது?

கோடை வந்தால் நத்தை ஓட்டுக்குள் சுருண்டு, வாசலை வெள்ளைச் சவ்வால் அடைத்துக்கொண்டு தூங்கிவிடும். சுருளியும் ஒரு மாதமாக அப்படித்தான் தூங்கியது. மழை பெய்யும்வரை அதற்குத் தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஆனால் வெயில் படக்கூடாது, எறும்பு ஏறக்கூடாது, குலுக்கி எழுப்பக்கூடாது. நான்கு நாள் வெயிலில் தூக்கிக்கொண்டு போனால் வழியிலேயே வெந்துவிடும்.

சொந்த ஊராக இருந்தால் பக்கத்துக் கிளையில் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். அத்தை இருக்கிறாள், மாமன் இருக்கிறான். இங்கே யார் இருக்கிறார்கள்?

முதலில் குளக்கரை நாரையிடம் கேட்டாள். நாரை பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தது. “ஐயையோ, என்னிடம் தராதே அம்மா! நான் நல்லவன்தான். ஆனால் பசி வந்தால் என் அலகு என் பேச்சைக் கேட்காது” என்றது. மான்களோ, “நாங்கள் ஓடுகிற சாதி. எவன் காலில் மிதிபடுமோ!” என்று கைவிரித்துவிட்டன.

மறுநாள் விடிந்ததும் கிளம்பியாக வேண்டும். சுருளியை வாழை இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு, முள்ளம்பன்றி ராக்காயியின் வளைக்குப் போனாள். வளை குளிர்ச்சியாக இருக்கும், ராக்காயி கிழங்கு தின்கிறவள் என்று நினைத்துத்தான் போனாள்.

“அக்கா, ஒரு பதினைந்து நாள் இதைப் பார்த்துக்கொள்வாயா?”

ராக்காயி வணக்கமும் சொல்லவில்லை, உட்காரும்படியும் சொல்லவில்லை. “என்ன தின்னும்?” என்றாள்.

“இப்போது ஒன்றும் தின்னாது. தூங்குகிறது.”

“எழுந்துவிட்டால்?”

“மழை வந்தால்தான் எழும்.”

“நீ வருவதற்குள் மழை வந்துவிட்டால்?”

“சுரைக்கொழுந்து கொடு.”

“எறும்பு வந்தால்? வெள்ளைச் சவ்வு கிழிந்தால்? எந்தப் பக்கமாகப் படுக்கவைக்க வேண்டும்? இதற்கு முன்னால் இதை யாரிடமாவது விட்டிருக்கிறாயா?”

தேனம்மைக்கு எரிச்சல் வந்தது. ஊர்ப்பயணத்துக்கு நிற்கிறவளை இப்படிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தால் யாருக்குத்தான் வராது! இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியாக ராக்காயி கேட்டாள்:

“சரி, நீ திரும்பி வராமலே போய்விட்டால்?”

தேனம்மைக்குச் சுரீர் என்றது. கிளம்புகிற நேரத்தில் ‘போகிறேன்’ என்றுகூடச் சொல்லாமல் ‘போய் வருகிறேன்’ என்று சொல்கிற குலம் அவளுடையது. அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா இது!

“வாயைக் கழுவு! நல்ல காரியத்துக்குப் போகிறவளைப் பார்த்து இப்படியா கேட்பாய்? உன் முதுகில் மட்டும்தான் முள் என்று நினைத்தேன், நாக்கெல்லாம் முள்!” என்று சீறிவிட்டு, பொதியைத் திருப்பி எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள்.

வழியில் வேப்பமரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. தேன் குழைத்த குரல். குயில் கோகிலம்!

“என்ன தங்கமே, முகம் வாடியிருக்கிறது?”

தேனம்மை சொன்னாள். பாதி சொல்வதற்குள்ளேயே கோகிலம் சிறகை விரித்தாள். “அட, இதற்கா இவ்வளவு கவலை! கொடு கண்ணு, நான் பார்த்துக்கொள்கிறேன்.”

“அது கோடையில்...”

“எனக்குத் தெரியாதா என்ன! நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். சுபமாகப் போய், சுபமாக வா. தினமும் புறாவிடம் சேதி சொல்லி அனுப்புகிறேன். நிம்மதியாகப் போ.”

தேனம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊரில் இவ்வளவு அன்பாக யாரும் பேசியதில்லை. பொதியைக் கிளையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். கோகிலம் எப்படிப்பட்டவள் என்று அந்தக் காட்டில் எந்தக் குஞ்சைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். இவள் கேட்கவில்லை. வெளியூர்க்காரிக்கு யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

முதல் நாள் சாயங்காலம் புறா வழியிலேயே அவளைக் கண்டுபிடித்து வந்தது. “நலமே நலம், கவலை வேண்டாம் என்றாள் கோகிலம்.” தேனம்மை மகிழ்ந்தாள்.

இரண்டாம் நாளும் புறா வந்தது. “நலமே நலம், கவலை வேண்டாம் என்றாள் கோகிலம்.”

“வேறொன்றும் சொல்லவில்லையா?”

“இல்லை. எனக்குச் சொன்னதைத்தான் நான் சொல்வேன்” என்றது புறா.

அதற்குப்பின் தேனம்மைக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கிளையில் உட்கார்ந்தால் அடுத்த நிமிஷம் இன்னொரு கிளைக்குத் தாவினாள். பழத்தைக் கடித்தாள், துப்பினாள். ‘நலம் என்கிறாள், பிறகு என்ன?’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ‘எறும்பு வந்தால்? சவ்வு கிழிந்தால்?’ அந்த முள்ளம்பன்றியின் கேள்விகள் ஒவ்வொன்றாக வந்து குத்தின. கோகிலம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் புறாவைக் கூப்பிட்டாள். “கோகிலத்திடம் போ. சுருளி நேற்று என்ன தின்றது, எவ்வளவு தின்றது என்று மட்டும் கேட்டு வா.”

உச்சிப்பொழுதுக்குள் புறா திரும்பிவிட்டது. “நலமே நலம், மூன்று வேளையும் சுரைக்கொழுந்து தின்றது, இன்னும் வேண்டும் என்று கேட்டது, ஓடியாடி விளையாடுகிறது என்றாள் கோகிலம்.”

தேனம்மைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தூங்குகிற நத்தை மூன்று வேளை தின்றதாம்! நத்தை ஓடியதாம்! கோகிலம் அந்தப் பொதியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை!

முன்னால் மலை தெரிந்தது. அங்கே தங்கையின் குட்டி பேருக்காகக் காத்திருந்தது. பின்னால் சுருளி. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. அழுதுகொண்டே திரும்பினாள். வந்ததைவிட வேகமாகத் தாவி, மறுநாள் சாயங்காலம் வேப்பமரத்தை அடைந்தாள்.

“அடடே, அதற்குள் வந்துவிட்டாயா தங்கமே!” என்றாள் கோகிலம்.

“சுருளி எங்கே?”

“இப்போதுதான் உலாவப் போயிற்று.”

“எங்கே என்று கேட்டேன்!” மந்தி போட்ட கூச்சலில் மரமே அதிர்ந்தது. கோகிலம் மேல்கிளைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“ஏன் கத்துகிறாய்? அன்றைக்கே அதைக் காக்கையின் கூட்டில் வைத்துவிட்டேன். காக்கை நன்றாகப் பார்த்துக்கொள்வாள். என் முட்டைகளையே நான் அவள் கூட்டில்தான் விடுகிறேன். பெற்ற பிள்ளையையே விடுகிற இடத்தில் உன் நத்தையை விட்டேன். இதைவிட என்ன செய்ய வேண்டும் என்கிறாய்?”

சொன்னவள் உண்மையாகவே மனம் நொந்துதான் சொன்னாள். தேனம்மை கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. காக்கையின் மரத்துக்கு ஓடினாள்.

“இலைப் பொதியா?” என்றது காக்கை. “நேற்று மத்தியானம்தான் பார்த்தேன். முட்டைகளுக்கு நடுவே ஏதோ உறுத்தியது. எந்தக் குப்பை என்று காலால் தள்ளிவிட்டேன். என் கூட்டில் ஆளாளுக்கு எதையாவது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் என்ன செய்வேன்!”

மரத்தடியில் கிழிந்த வாழை இலை கிடந்தது. அதன்மேல் எறும்புகள் சாரை சாரையாக ஊர்ந்தன. சுருளி இல்லை. பக்கத்தில் மண்ணில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நீள முள் கிடந்தது.

தேனம்மைக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. முள்ளை எடுத்துக்கொண்டு ராக்காயியின் வளைக்குப் பாய்ந்தாள். “அடி பாவி! என் சுருளியைத் தின்றுவிட்டாயா?”

ராக்காயி வாசலுக்கு வந்தாள். “மெதுவாகப் பேசு. தூங்குகிறது” என்றாள்.

வளைக்குள், குளிர்ந்த மூலையில், காய்ந்த சருகின்மேல் சுருளி படுத்திருந்தது. வாசல் மேல்நோக்கி, சரியாகத் தேனம்மை சொன்ன பக்கமாக. வெள்ளைச் சவ்வில் ஒரு கீறல்கூட இல்லை. சருகைச் சுற்றிச் சாம்பல் தூவியிருந்தது, எறும்பு வராமலிருக்க.

தேனம்மை தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். “நீ எப்படி...?”

“குயிலிடம் கொடுத்துவிட்டாய் என்று புறா சொன்னது. எனக்கு மனசு கேட்கவில்லை. தினமும் அந்தியில் போய் காக்கை மரத்தடியில் பார்த்துவிட்டு வந்தேன். குயில் எதை வாங்கினாலும் அங்கேதானே போகும்? நேற்றுதான் கீழே விழுந்து கிடந்தது. இன்று காலை புறாவிடம் உனக்குச் சேதி சொல்லி அனுப்பினேன், நீ எதிரில் பார்க்கவில்லையா?”

தேனம்மை கையிலிருந்த முள்ளைக் கீழே போட்டாள். ராக்காயியின் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். கட்டிப்பிடிக்கத்தான் ஆசை, முள்ளை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

“அழுதது போதும். பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கிறது. விடிந்ததும் கிளம்பினால் போய்ச் சேரலாம்” என்றாள் ராக்காயி. “ஆனால் அன்று நான் கேட்ட கடைசிக் கேள்விக்கு நீ பதில் சொல்லவில்லை.”

தேனம்மை கண்ணைத் துடைத்தாள். இந்த முறை அவளுக்குக் கோபம் வரவில்லை. சுருளியின் ஓட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“நான் திரும்பி வராமல் போனால், முதல் மழை பெய்ததும் இதைச் சுரைக்கொடி அடியில் விட்டுவிடு அக்கா. எழுந்ததும் கொம்பை நீட்டும். ஒரு நாளைக்கு மட்டும் அதனிடம் ஏதாவது பேசு. பிறகு அது தானே பிழைத்துக்கொள்ளும்.”

“சரி” என்றாள் ராக்காயி. “இப்போது போய் வா.”

பௌர்ணமிக்கு முந்தின நாள் தேனம்மை மலைச்சோலை வந்து சேர்ந்தாள். கூட்டமே வந்து மொய்த்துக்கொண்டது. ஆனால் அவள் கண் மட்டும் ஆகாயத்தை விட்டு நகரவில்லை. பேர் வைக்கிற நாள் காலையில் புறா வந்து இறங்கியது.

“ராக்காயி சொல்லச் சொன்னது இது: சுருளி ஒன்றும் தின்னவில்லை. அசையவும் இல்லை. மூடிய வாசல் மூடியபடியே இருக்கிறது. நேற்று ஓர் எறும்பு வந்தது, துரத்திவிட்டேன். வேறொன்றுமில்லை.”

தேனம்மை கலகலவென்று சிரித்தாள். கூட்டம் திகைத்துப்போய் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

“என்ன அக்கா இது! வளர்த்த நத்தை தின்னவில்லை, அசையவில்லை என்கிறார்கள், நீ சிரிக்கிறாயே!” என்றாள் தங்கை.

“அதனால்தான் சிரிக்கிறேன், போடி!” என்று சொல்லிவிட்டு, தேனம்மை குட்டியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அதன் காதில் பேரைச் சொன்னாள். பிறகு அப்படியே கிளையில் சாய்ந்து, பத்து நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினாள்.

நீதி: ஓர் உயிரை ஒப்படைக்கும்போது, இனிக்க இனிக்கப் பேசுகிறவரை விட்டுவிட்டுத் துருவித் துருவிக் கேட்கிறவரைத் தேடு.