பத்து லட்சத்துக்குள் மிகப் பெரிய பகா எண்

தீர்ப்புச் சொல்லும் துணிவு உள்ளவர்கள் இந்தக் கதையைக் கேட்கலாம்.

பெண்கள் கல்லூரி ஒன்றில் ஞானசுந்தரி கணிதம் கற்பித்தாள். கால்குலேட்டர் வராத காலம். மாணவி ஒருத்தியைச் சென்னையில் மேலே படிக்கவைக்க ஓர் அறக்கட்டளை முன்வந்தது. யாரை என்பதை ஞானசுந்தரிதான் சொல்ல வேண்டும். அவள் அறிவிப்புப் பலகையில் எழுதினாள்: ‘பத்து லட்சத்துக்குள் மிகப் பெரிய பகா எண் எது? நிறுவுக. கெடு ஒரு மாதம்.’

ஒன்றாலும் தன்னாலும் அல்லாமல் வேறெதனாலும் மீதியின்றி வகுபடாததே பகா எண். ஆறு இலக்க எண் ஒன்றை அப்படியென்று நிறுவ, ஆயிரத்துக்குள் இருக்கும் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். போதும் என்று சொல்வது எளிது.

இருவர் விடை தந்தார்கள். சுகிர்தத்தின் விடை 9,99,997. நூற்று அறுபத்தெட்டு வகுத்தல்களும் வரிசையாகத் தாள்களில் இருந்தன. தையல்நாயகி தந்தது ஒரு துண்டுக் காகிதம். அதில் 9,99,983.

“வழி எங்கடி?”

“மனசுல பட்டுச்சு மிஸ். நான் வகுத்துப் பாக்கலன்னா அது பகா எண் இல்லாம போயிருமா?”

ஞானசுந்தரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

சுகிர்தத்தின் தாள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். 757ஆல் வகுத்த இடத்தில் மீதி 75 என்றிருந்தது. கடைசி இலக்கமான 7-ஐ இறக்க மறந்திருந்தாள் பெண். இறக்கினால் 757, மீதி ஏதும் இல்லை. 9,99,997 என்பது 757-ஐ 1321ஆல் பெருக்கினால் வருவது. தையல்நாயகியின் எண்ணைத் தானே உட்கார்ந்து வகுத்தாள். அது சரியாகவே இருந்தது.

தவறைக் காட்டியதும் சுகிர்தம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஐயோ, எறக்காம விட்டுட்டேனே! ஒரு வாரம் குடுங்க மிஸ், அதுக்குக் கீழ உள்ள எண்ணையெல்லாம் பாத்துடுதேன். இடம் கிடைக்கலன்னா அப்பா கல்யாணத்தை முடிச்சுருவாங்க.”

“கெடு முடிஞ்சுது சுகிர்தம். கணக்குல ‘கிட்டத்தட்ட’ன்னு ஒண்ணு கிடையாது.”

ஒருத்தியின் விடை தவறு. இன்னொருத்தி எதையும் நிறுவவில்லை. ‘தகுதியானவர் எவருமில்லை’ என்று அறக்கட்டளைக்கு எழுதினாள் ஞானசுந்தரி. அந்த ஆண்டு இடம் வீணாயிற்று.

நீங்கள் அவள் நாற்காலியில் இருந்திருந்தால், அந்த இடத்தை யாருக்குக் கொடுத்திருப்பீர்கள்?

விடை: சுகிர்தத்துக்கு. தேட வேண்டியிருந்தது ஓர் எண்ணை அல்ல, படிக்கப் போகிற ஒருத்தியை. செய்தது முழுவதையும் எழுதி வைத்ததால்தான் சுகிர்தத்தின் பிழை கண்ணில் பட்டது. ஒரே நிமிடத்தில் அவளுக்குப் புரியவும் செய்தது. தையல்நாயகியிடம் பிழை காண வழியே இல்லை. ஞானசுந்தரியும் இந்த விடைக்கு வந்து சேர்ந்தாள். அப்போது அவள் தேவாலயத்தில், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சுகிர்தம் மணக்கோலத்தில் நின்றாள். இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்டுவிட்டு, வழக்கம்போல் சற்று நேரம் காத்திருந்தார்.